இடைகழியில் ஓர் இடம்

மறைக்கல்வி வகுப்பிலே பத்துக் கட்டளைகளுள் ஏழாவதை விளக்கிக்கொண்டிருந்தோம். பிறர் வீட்டுப் பானையைத் தூக்கி வருவதுதான் களவு என்று எண்ணிவிட வேண்டா. எடைக்கல்லைக் குறைப்பதும், வேலை வாங்கிக்கொண்டு கூலியை நிறுத்தி வைப்பதும், வாங்கிய கடனை மறந்துவிடுவதும் களவே என்று, குருமடத்தில் கற்ற அறநெறி இறையியலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ப எளிதாக்கிச் சொல்லி வந்தோம். படங்களைச் சுவரில் காட்டுவதற்காக நம் கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்திருந்தோம். கணினித் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் நெடுநாளாகவே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு நின்றுகொண்டிருக்கும். நம் கண்ணுக்குப் பழகிப்போன அவ்வெழுத்துகள் அன்று சுவரிலே சாண் உயரத்திற்குப் பெரிதாகத் தெரிந்தன. முன்வரிசையில் இருந்த சிறுவன் அதனை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டான்: "ஃபாதர், இந்தக் காப்பி உண்மையானது இல்லைன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தேவலை. விடையை அறிந்துகொள்ளும் ஆர்வத்தோடு அத்தனை பேரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். "அது ஏதோ பழுது, பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அடுத்த படத்திற்குப் போய்விட்டோம். ஏழாம் கட்டளையை விளக்க வந்த இடத்தில் எட்டாம் கட்டளையையும் மீறினோம் என்பது இரவு படுக்கைக்குப் போகும்போதுதான் உறைத்தது.

இது நடந்தது 2021ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில். திருக்கோவிலூர் வட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பங்குக்கு நாம் அப்போதுதான் வந்திருந்தோம். கணினி நம்முடையது, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது. அதில் விண்டோஸ் இயங்குதளத்தை ஏற்றித் தருவதற்காகக் கடைக்காரருக்கு 300 ரூபாய் கொடுத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் விலையுள்ள பொருள் 300 ரூபாய்க்கு எப்படி வந்தது என்று அவரிடம் நாம் கேட்கவில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும் என்பதனாலேயே கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு முயற்சி எடுப்பவனுடைய அறியாமை அவனுடைய குற்றத்தைக் குறைப்பதில்லை என்று அறநெறி நூல்கள் சொல்லும். தேர்வில் அவ்வினாவுக்கு நாம் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.

முறையாக உரிமம் வாங்கிவிடலாம் என்று விசாரித்தோம். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்திருந்த புதிய பதிப்பை நம் பழைய கணினி ஏற்காது என்றார்கள். அப்படியானால் கணினியையே மாற்ற வேண்டும். ஓலை வேய்ந்த வீடுகள் இன்னும் உள்ள பங்கிலே அதற்கு மனம் இடந்தரவில்லை.

செய்தி எப்படியோ பரவி, நம் பங்கின் இளைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் பென் டிரைவோடு வந்து நின்றார். கணினி அறிவியலில் பட்டம் பெற்று, இ-சேவை மையம் ஒன்றில் பணியாற்றுபவர். "இதுவும் காப்பிதானே தம்பி? இன்னொரு களவு வேண்டாம்" என்றோம். "இல்லை ஃபாதர். இது காப்பி எடுக்கச் சொல்லியே குடுத்தது. நாலு பேருக்குக் குடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், மாத்தினதையும் குடுக்கலாம். பூட்டிப் போட்டு வைக்கத்தான் கூடாது" என்றார் அவர்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். நாம் பார்த்தோம். விலையில்லாப் பொருளில் என்ன தரம் இருந்துவிடும் என்ற ஐயம் நமக்கு இருந்தது. பின்னர்தான் விளங்கிற்று, இந்த மாட்டைக் கொடுத்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார் என்று சொல்லியே கொடுத்திருக்கிறார்கள் என்பது. ஒரு மென்பொருளை நிரலாளர் எழுதிய வடிவிலே, மூல நிரலாகவே, யாரும் படிக்கும்படி திறந்து வைப்பதுதான் அவர்களுடைய முறை. சமையற்காரர் சாப்பாட்டோடு கைப்பக்குவத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதைப் போல. தேநீர் ஆறுவதற்குள் லினக்ஸ் மிண்ட் என்னும் இயங்குதளம் நம் கணினியில் குடியேறிவிட்டது. கீழ்மூலை அறிவிப்பு மறைந்தது. அந்த மூலை வெறுமையாக இருப்பதைச் சில நாட்கள் அடிக்கடி பார்த்துக்கொண்டோம்.

இதன் வரலாற்றை அந்த இளைஞரிடம் கேட்டும் படித்தும் அறிந்தோம். அதன் தொடக்கத்தில் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வகம் ஒன்றில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலாளர் பணியாற்றினார். பல பேர் பயன்படுத்தும் அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகும்படி பழைய பொறியின் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். பிறகு வந்த புதிய பொறிக்கு மூல நிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் பார்த்துக் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்திட்டிருப்பதாக அவர் மறுத்துவிட்டார். ஒருவருக்கு உதவுவதில்லை என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது அறமாகுமா என்ற கேள்வி ஸ்டால்மனை விடவில்லை. 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தொடங்கியதாகச் சொல்லி, லினக்ஸ் என்னும் கருப்பகுதியை வெளியிட்டார். மறு ஆண்டே அதனை குனு உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இரண்டும் இணைந்த பின்னர் 1993இல் ஐயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். டெபியனிலிருந்து 2004இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவின் மேல் எழுந்தது நம் மிண்ட். சில ஆண்டுகள் வரையிலும் உபுண்டுவின் குறுந்தகட்டைக் கேட்டவர் வீட்டிற்கே செலவின்றி அஞ்சலில் அனுப்பி வந்தார்கள் என்று அந்த இளைஞர் சொன்னார். அது 2011இல் நின்றுபோயிற்று. நாம் காலந்தாழ்த்தி வந்தவர்கள்.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007இல் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்ற கணினிகளிலே அதுவும் இருந்தது. பெரும்பாலோர் அதனைத் திறந்து பார்த்ததேயில்லை. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதும் கணியம் என்னும் மின்னிதழ் 2012 ஜனவரியில் தொடங்கிற்று. நமக்கு அருகிலேயே விழுப்புரத்தில் 2013 முதல் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கல்லூரி மாணவர்களுக்கும் பிறருக்கும் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகிறது. இவற்றுள் ஒன்றையும் அறியாமல் நாம் 300 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இனி அன்றாடப்பாடு. ஒரு பங்குப்பணியாளருக்குக் கணினியில் என்ன வேலை இருந்துவிடும்? ஞாயிறு அறிவிப்புகள், திருமண ஓலைகள், அன்பியக் கூட்ட அட்டவணை, கல்லறைத் திருநாளில் வாசிக்கும் பெயர்ப்பட்டியல். இவற்றிற்கு லிபர் ஆபீஸ் போதும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை உடன் கிடைத்தது. மெய்யெழுத்து இரட்டிக்கும்போது முதலெழுத்திற்குப் புள்ளியை அதுவே இட்டுக்கொள்ளும். ககரத்தை இரு முறை தட்டினால் முதல் ககரம் புள்ளி பெற்று நிற்பதைக் கண்டபோது, தொல்காப்பியம் படித்த யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றியது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலே காட்டிச் சீர்திருத்தியவர் வீரமாமுனிவர். அச்சீர்திருத்தத்தை இன்று கையாளும் எவரும் அவருக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மொழிக்குள் நுழைந்த கொடை அப்படித்தான் கரைந்துவிடுகிறது.

பழைய கோப்புகள்தாம் கண்ணீர் வரவழைத்தன. 11 ஆண்டுகளாக எழுதி வைத்த மறையுரைக் குறிப்புகள் யாவும் பழைய எழுத்துரு ஒன்றில் இருந்தன. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடியை மாட்டிக் காட்டிய காலத்தது. புதிய கணினியில் முகமூடி இல்லாமையால், குறுக்கும் நெடுக்குமாக ஆங்கில எழுத்துகள் மட்டுமே நின்றன. நம் சொற்களை நம்மாலேயே வாசிக்க முடியவில்லை. இத்தகைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஓபன்-தமிழ் என்னும் தொகுப்பிலும் அவை உண்டு. நம் இளைஞர் ஓர் இரவு அமர்ந்து அனைத்தையும் மாற்றித் தந்தார். ஔகாரம் வரும் இடங்களில் மட்டும் ஒகரமும் ளகரமும் பிரிந்து நின்றன. அவற்றை நாமே கையால் திருத்தினோம். பழைய மறையுரைகளை வாசித்தபோது, சிலவற்றை மீட்காமலே விட்டிருக்கலாம் என்றும் தோன்றியது. அது வேறு செய்தி.

இனிப்பானதை மட்டும் எழுதினால் வாசகர்களை ஏமாற்றியவர்களாவோம். நம் அச்சுப்பொறி இரண்டு மாதம் முரண்டு பிடித்தது. ஓர் அலுவலகத்திலிருந்து வரும் படிவங்களைத் திறந்தால் கட்டங்கள் தடம் புரண்டு நிற்கும். நம் பாடகர் குழுவின் இளைஞர் பயன்படுத்தும் இசை மென்பொருள் இதில் ஓடாது. அவரைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டோம். ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் அறிவிப்பை அச்சிட வேண்டிய வேளையில், புதுப்பித்தலை முடித்த கணினி கரும்பலகையாக நின்றுவிட்டது. பத்து மணிக்கு இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எல்லாம் போய்விட்டது" என்றோம்.

"கடைசியா என்ன செஞ்சீங்க ஃபாதர்? என்ன வரும்னு நினைச்சீங்க? என்ன வந்துச்சு? திரையில ஏதாவது வரி இருந்தா அப்படியே படிங்க" என்றார். எல்லாம் போய்விட்டது என்பதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிப் பேசுகையில், கனமான பாவங்களை வகைப்படுத்தியும் சூழ்நிலையோடும் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. "சாமி, நான் பெரும்பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழ முயல்வோரை இருக்கச் சொல்லி, என்ன, எத்தனை முறை என்று நாம் கேட்பதுண்டு. அன்றிரவு நாம் அந்தப் பக்கம் மண்டியிட்டிருந்தோம். வகை சொன்னோம், எண்ணிக்கை சொன்னோம், திரையின் வரியை வாசித்தோம். தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கும்படி அவர் சொன்னார். கணினி விழித்துக்கொண்டது. கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கே இந்த உலகில் விடை கிடைக்கிறது. 50 வயதைக் கடந்து, விடை சொல்லியே பழகிப்போன நமக்கு இது எளிதாக வரவில்லை.

2023 ஜனவரி 28, 29 ஆகிய நாள்களில் டெபியன் பயனர்களும் பங்களிப்போரும் கூடும் சிறு மாநாடு விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் நடைபெற்ற உலக மாநாட்டிற்கு முன்னோடி போன்றது. இளைஞரின் வற்புறுத்தலால் பேருந்து ஏறினோம். இரண்டாம் நாள் ஞாயிறு ஆகையால் நமக்கு உரியதன்று. முதல் நாள் மட்டும். ஜனவரி 28 அக்குவினாவின் புனித தோமாவின் திருநாள். திருட்டைப் பற்றி அவர் எழுதிய பகுதியில், பொருளைப் பேணவும் பங்கிடவும் தனியுடைமை கூடும்; ஆனால் பயன்பாட்டில் அதனைப் பொதுவென்றே கருதி, தேவையுள்ளோர்க்குத் தயக்கமின்றித் தர வேண்டும் என்ற கருத்து வருகிறது. பேருந்தின் சன்னல் ஓரத்தில் அது நினைவுக்கு வந்தது. பாதி வழியில் தூங்கிவிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கூட்டத்திலே நம் வயதினர் சிலரே. பெஞ்சு நெருக்கம். மூவர் அமர்ந்திருந்த இடத்தில் நாலாவதாக நமக்கு இடம் விட்டுத் தள்ளி அமர்ந்தார்கள். திருக்கோவிலூர்க்காரர் எவருக்கும் அந்த நொடியில் இடைகழிக் கதை நினைவுக்கு வராமல் போகாது. மழை இரவு, இருட்டு, ஒருவர் படுக்கும் அளவே இடமுள்ள இடைகழி. பொய்கையார் படுத்திருக்கிறார். பூதத்தார் வந்து கேட்க, இருவர் அமரலாம் என்று எழுந்து அமர்கிறார். பேயார் வர, மூவர் நிற்கலாம் என்று எழுந்து நிற்கிறார்கள். பிறகு நாலாவதாக ஒருவர் நெருக்குவதை உணர்கிறார்கள். வைணவ அன்பர்கள் அந்நெருக்கத்தில் தம் இறைவனைக் கண்டார்கள். நாம் வேறு மரபினராயினும், இந்த ஊரின் சோற்றை உண்பவர்கள். கதையின் அழகு நமக்கும் உரியது. இடம் சிறிதாவதற்கு அஞ்சாமல் வந்தவரை உள்ளே அழைத்ததுதான் அவ்விரவின் செய்தி என்று நமக்குப் படுகிறது. நம்மை நெருக்கி அமர்ந்தவர்கள் நாம் யார் என்று கேட்கவில்லை. எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்றே கேட்டார்கள்.

அங்குதான் மொழிபெயர்ப்புப் பணிக்கு ஆளாக்கப்பட்டோம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் மென்பொருளின் பொத்தான்களையும் செய்திகளையும் தமிழாக்கலாம் என்றார்கள். இலத்தீனும் ஓரளவு கிரேக்கமும் படித்த செருக்கோடு ஒப்புக்கொண்டோம். வந்த முதல் சொற்களுள் ஒன்று டீமன். பின்னணியில் ஓசையின்றி வேலை பார்க்கும் நிரலுக்கு அப்பெயராம். பேயோட்டும் மந்திரம் வைத்திருப்பவனிடமே இதனை அனுப்பியிருக்கிறார்களே என்று சிரித்துவிட்டு, பின்னணிச் செயலி என எழுதினோம். ஆங்கிலத்தில் சேவ் என்பது நமக்கு மீட்பைக் குறிக்கும். இங்கே வெறும் சேமி.

வேலை தொடங்கிய பின்னரே அதன் நுட்பம் புலப்பட்டது. பொத்தானில் இருக்கும் சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார்? பயனர் கணினிக்குச் சொல்கிறார். ஆகவே சேமி, திற, மூடு என்று ஏவலாக எழுதலாம். இயந்திரத்திற்கு மரியாதைப் பன்மை தேவையில்லை. ஆனால் செய்தியிலே கணினி பயனரிடம் பேசுகிறது. அங்கே கடவுச்சொல்லை உள்ளிடு என்று எழுதினால், எழுபது வயது மூதாட்டியை இயந்திரம் ஒருமையில் ஏவுவதாகிவிடும். உள்ளிடவும் என்றோ உள்ளிடுக என்றோ எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே வடிவம் ஆகையால், எந்த வரியில் யார் பேசுகிறார் என்பதை ஒவ்வொரு முறையும் நாமே கண்டுபிடித்தாக வேண்டும். நண்பகல் உறக்கத்தை விட்டுவிட்டு நாள்தோறும் இருபது, முப்பது வரிகளை முடித்தோம். அப்பணியில் ஒரு மன நிறைவு இருந்தது. மறையுரையைப் போல இது யார் பெயராலும் போய்ச் சேருவதில்லை.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. அன்று நாம் கணினியைத் திறக்கவில்லை. மறுநாள் திருவிழிப்புக்கு மெழுகுதிரி எண்ணிக்கொண்டிருந்த வேளையில் இளைஞர் வந்து சொன்னார். உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் உள்ள, கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள் ஒன்றில், திருட்டு வாசல் ஒன்றை யாரோ மறைத்து வைத்திருந்தது முந்தைய நாள் அம்பலமாகிவிட்டது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்னும் பொறியாளர். தொலைக்கணினிக்குள் நுழைவது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டியதில் அது வெளிப்பட்டது. நம் கணினியில் இருந்தது பழைய பதிப்பு, ஆகையால் தீங்கில்லை.

நம்மை உலுக்கியது அந்த வாசல் வைக்கப்பட்ட விதம். எக்ஸ்இசட் என்னும் அம்மென்பொருளை லாஸ்ஸே கோலின் என்பவர் ஊதியமின்றி, பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனியாளாகப் பேணி வந்தார். உள்ளம் தளர்ந்திருந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஏன் தாமதம், ஏன் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கவில்லை என்று சிலர் அவரை நெருக்கினார்கள். அவ்வேளையில் உதவ வந்தவர் போல ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையோடு வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்று, பிறகு அதனைச் செய்தார். உலகின் பெரிய நிறுவனங்கள் பல அம்மென்பொருளைச் செலவின்றிப் பயன்படுத்தி வந்தன. நாமும் பயன்படுத்தினோம். அவர் பெயர் நமக்கு அன்றுதான் தெரியும். லினக்ஸின் கருப்பகுதியில் எழுதுவோருள் பெரும்பாலோர் இன்று நிறுவனங்களில் சம்பளம் பெறுகிறவர்களே; ஆயினும் இத்தகைய சிறு தூண்கள் பல, களைத்துப்போன ஓரிருவர் தோளில் நிற்கின்றன. களவு செய்யாமல் இருக்கிறோம் என்ற நிம்மதியில் இரண்டாண்டுகள் கழித்திருந்தோம். பெற்றுக்கொண்டே இருப்பதும் ஒருவரைக் காலி செய்யும் என்று அன்று கண்டோம். தனியாகப் பங்கை நடத்துகிறவர்களுக்கு அந்தக் களைப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம் வாழ்க்கையில் மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. குறிப்பெழுதும் சிறு மென்பொருள் ஒன்றை நாம் தமிழாக்கியிருந்தோம். சேமிக்காமல் மூட முயன்றால் ஒரு செய்தி வரும்; அதன் கீழ் மூன்று பொத்தான்கள். சேமிப்பதற்கு ஒன்று, மாற்றங்களை எறிந்துவிடுவதற்கு ஒன்று, மூடாமல் திரும்பிப் போவதற்கு ஒன்று. இவற்றிற்குச் சேமி, விலக்கு, தவிர் என்று எழுதினோம். ஓசை நன்றாக இருந்தது. குழுவில் ஒரு கல்லூரி மாணவி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊரினர். அண்ணன் அரசிடமிருந்து பெற்ற பழைய மடிக்கணினியிலே லினக்ஸை ஏற்றிப் பயன்படுத்துகிறவர். "ஃபாதர், விலக்குன்னா என்ன விலக்குன்னு தெரியலை. எங்க ஊர்ல யாருக்கும் புரியாது. நேரா, சேமிக்காதேன்னு போடலாமே" என்று எழுதினார். நாம் ஒரு பக்கத்திற்கு மறுமொழி எழுதினோம். விலக்குதல் என்ற சொல்லின் தொன்மை, எதிர்மறை ஏவலின் கடுமை, மூன்று பொத்தான்களின் ஓசையொப்பு, அனைத்தும் அதில் இருந்தன. அவர் மேற்கொண்டு ஒன்றும் எழுதவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. நம் கணினியிலும் ஏறிற்று. பங்குத் திருவிழா நெருங்கிய வேளை. நம் உபதேசியார் 68 வயதினர். நம் கணினியிலேயே தட்டச்சு பழகியவர். தலைக்கட்டு வரிப் பட்டியலை, 213 குடும்பங்களின் பெயர், கொடுத்தது, பாக்கி என்று, வரி கொடுக்க வந்தவர்கள் வாயால் சொல்லச் சொல்ல ஒரு முழு நாள் அமர்ந்து ஏற்றினார். மாலை மணி அடிக்கும் நேரமாயிற்று. மூடினார். செய்தி வந்தது. குறுக்கே வந்து நிற்கும் செய்தியை விலக்கிவிட்டுப் போகலாம் என்று விலக்கு என்பதை அழுத்தினார்.

நாம் ஆலயத்திலிருந்து திரும்பியபோது அவர் திரையின் முன்னே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "சாமி, நான்தான் என்னமோ தப்பாச் செஞ்சுட்டேன். வழியில நிக்குதேன்னு விலக்கினேன்" என்றார். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. ரசீதுக் கட்டையும் நினைவையும் வைத்துப் பாதி தேறியது. மீதிக்கு அவர் மீண்டும் வீடு வீடாக நடந்தார். கொடுத்தவர்களிடமே கொடுத்தீர்களா என்று கேட்பது எங்கள் பக்கத்தில் எளிய செயலன்று. இரண்டு வீடுகளில் அவரைச் சந்தேகித்துப் பேசினார்கள். நாற்பது ஆண்டுகளாகக் காணிக்கைப் பெட்டியின் திறவுகோலை வைத்திருப்பவர் அவர். தவறு தம்முடையது என்றே இறுதிவரை நம்பினார். அந்தச் சொல்லை எழுதியவர்கள் நாமே என்பதை அவரிடம் சொல்ல நமக்கு மூன்று நாட்கள் ஆயின. அடுத்த ஞாயிறு, அறிவிப்பின்போது பங்கு மக்களிடமும் சொன்னோம்.

மாணவிக்கும் எழுதினோம். இம்முறை நாலே வரி. "பரவாயில்லை ஃபாதர். சேமிக்காதேன்னு நான் சொன்னதும் முழுசா சரியில்லை, சேமிக்காமல் மூடுன்னு போட்டா இன்னும் தெளிவா இருக்கும்" என்று விடை வந்தது. அவ்வாறே மாற்றினோம், தவிர் என்பதையும் திரும்பிச் செல் என்று ஆக்கினோம். ஓசை ஒப்பவில்லைதான்.

ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிக்கப்பட்டது மன்னிக்கப்பட்டதுதான். கேட்ட நாமும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்த உலகத்தின் ஒழுங்கு வேறு. எந்த நாளில் எந்த வரியை யார் எழுதினார், யார் ஆட்சேபித்தார், யார் திருத்தினார் என்பன அனைத்தும் வரலாற்றுப் பதிவிலே நிற்கின்றன. நம் ஒரு பக்க மறுமொழியும் அங்கேயே இருக்கிறது; யாரும் படிக்கலாம். அதனை நீக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தோம். "எதுக்கு ஃபாதர்? அடுத்து வர்றவங்களுக்கு உதவும்" என்றார் இளைஞர்.

உபதேசியார் கணினியை விடவில்லை. இவ்வாண்டு வரிப் பட்டியலையும் அவரே ஏற்றுகிறார். மூன்று பெயருக்கு ஒருமுறை சேமி என்பதை அழுத்துகிறார். அழுத்தும்போதெல்லாம் தலையைத் திருப்பி, பக்கத்து அறையில் இருக்கும் நம்மை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். கூடவே ஒரு 40 பக்க நோட்டிலும் எழுதி வைக்கிறார்.